இருவர் அறைக்கு ஒருத்தி

கோத்தகிரியில் மூன்று நாளாக
கரண்ட் வருகிறது, போகிறது.
வருகிற நேரத்தில் கப்பல் பார்க்கிறேன்.

நார்வேயின் கரையோரம், வடக்கே, இன்னும் வடக்கே,
வாயில் நுழையாத பெயருள்ள துறைமுகங்கள்.
ஜூனில் போனால் யானை விலை.
அக்டோபர் கடைசியில் பாதி.
காற்றடிக்கும், கடல் புரட்டும்,
வெளிச்சம் சாயங்காலத்துக்கு முன்பே
கடையைக் கட்டிவிடும் என்று எச்சரிக்கிறார்கள்.
யாரிடம்?
ஜூலை மாதத்துப் பாவாடையை
இஸ்திரிப்பெட்டியால் காயவைத்துக் கட்டிக்கொண்டு
முப்பத்தோரு வருஷம்
தேயிலைக் கழகத்தின் கணக்குப் பிரிவுக்குப் போனவள் நான்.

ஜன்னல் வைத்த அறைக்கு இன்னும் அறுபதாயிரம்.
உள்ளறை என்றால் நாலு சுவர், ஒரு விளக்கு, இன்ஜின் சத்தம்.
போதும்.
மேல்தட்டில் கடல் இலவசம்,
படியேறத் தெரியும் எனக்கு.

குளிருடை: செலவு இல்லை.
விசா: நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஒரு ராத்திரி.
கரையில் காபி ஐந்நூறு ரூபாயாம்.
ஊட்டி வர்க்கி எட்டு பாக்கெட், பிளாஸ்க் ஒன்று.
சீட்டுப் பணம் ஆவணியில் கைக்கு வரும்.

எல்லாம் கூட்டி முடித்த பிறகுதான்
கீழே எறும்பு எழுத்தில் பார்த்தேன்:
இந்த விலை, ஓர் அறையில் இருவர் தங்கினால்.
தனியாக வருகிறவர்
வராத ஆளுக்கும் முக்கால் பங்கு கட்டவேண்டும்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
இரண்டு பேர் சீட்டில் ஒருத்தியாக
எத்தனை முறை இறங்கியிருக்கிறேன்.
எந்தக் கண்டக்டரும்
பக்கத்துக் காலியிடத்துக்குக் காசு கேட்டதில்லை.

குன்னூர் ஏஜென்ட் டெரிக் போனில் சிரிக்கிறான்:
"இன்னொரு ஆளைப் பிடிங்க மேடம், ரெண்டு பேருக்கும் லாபம்."
பிடித்துப் பார்த்தேன்.
பிலோமினா டீச்சருக்கு
மூன்றாவது கொண்டை ஊசியிலேயே எலுமிச்சம்பழம் வேண்டும்.
ராதாமணிக்கு மருமகள் பிரசவம்.
தங்கை கேட்டாள்:
"அந்தக் காசுக்கு ராமேஸ்வரம் நாப்பது தடவை போகலாமே?"

ராமேஸ்வரத்துக்கு நான் கப்பலில்தான் வந்தேன்.
எழுபத்திரண்டில், தலைமன்னாரிலிருந்து.
எனக்கு ஆறு வயது, தங்கை அம்மா வயிற்றில்.
ஏழு பேர், இரண்டு தகரப் பெட்டி, ஒரு குடும்ப அட்டை.
எந்தத் தட்டு, எந்த அறை என்று
எங்களை யாரும் கேட்கவில்லை.
எந்த ஊர் என்றும்.
அப்பாவின் முழங்காலுக்கும் பெட்டிக்கும்
நடுவில் கிடைத்த சந்துதான் என் அறை.
கடலை நான் பார்க்கவேயில்லை.
முன்னால் நின்ற யாரோ ஒருத்தியின் சேலையைப் பார்த்தேன்,
பச்சைக் கட்டம், ஓரத்தில் தையல் விட்டது,
மண்டபம் முகாம் வரைக்கும்.

கரண்ட் போய்விட்டது.
மெழுகுவத்தி வைத்து மறுபடி கூட்டினேன்.
வராத ஆளுக்கு எண்பத்தி நாலாயிரத்து இருநூறு.
முப்பத்தோரு வருஷத்தில்
ஒரு பைசா பிசகியதில்லை நான்.
இதைப் பிசகு என்று எந்தத் தலைப்பில் எழுத?

விடியற்காலை நாலரைக்கு வெளிச்சம் வந்தது.
படிவத்தைத் திறந்தேன்.
குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் நகராதாம்.
வெறும் 'ப.' போட்டால் சிவப்பாகிறது.
பழனியாண்டி என்று முழுசாகத் தட்டினேன்.
அனுமதி அட்டையில் அப்படித்தான் வரும்:
பழனியாண்டி, கமலேஸ்வரி.
உடன் வருபவர்: இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி.
அறையில் இரண்டு கட்டில் இருக்கின்றன,
இரண்டாவதை மடித்துச் சுவரோடு வைத்துவிடலாமா?

வேண்டாம்.
காசு கட்டியிருக்கிறேன்,
விரித்தே இருக்கட்டும்.
வர்க்கி நொறுங்காமல் வைக்க
ஓர் இடம் வேண்டும்.